மணலுக்கடியில் 42 வருடங்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். பின்னால் சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை வருவதால் பதினெட்டிலேயே முடித்துவிடப் பார்க்கிறேன். என்னை 1972-77 மெக்கானிக்கல் என்று அறிமுகப்படுத்தினார்கள். மெக்கானிக்கல்காரன் மைக் பிடித்தால் ஒன்று பாய்லர் வரும், இல்லை கார் வரும். இன்றைக்குக் கார். செத்துப் புதைக்கப்பட்டு, 42 வருடம் கழித்துத் தோண்டி எடுத்து, மறுபடி உயிர் கொடுத்து ஓட விட்ட ஒரு பந்தயக் கார். அதன் பெயர் 'பாப்ஸ்'.

கதை இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில் ஒரு பணக்கார வீட்டில் ஆரம்பிக்கிறது. ஹையம் என்ற அந்த மாளிகையின் சொந்தக்காரர் கவுண்ட் லூயி ஸ்போரோவ்ஸ்கி. அப்பா எலியட், 1903ல் கார்ப் பந்தயத்தில் இறந்தவர். அதைப் பார்த்துப் பிள்ளை அந்தப் பக்கமே தலைவைக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். அவரோ விமான எஞ்சின்களை வாங்கி கார்ச் சட்டத்தில் ஏற்றும் பைத்தியமாக ஆகிவிட்டார். அவர் கட்டிய 'சிட்டி பேங் பேங்' கார்கள்தான் பின்னால் ஜேம்ஸ் பாண்ட் கதைகள் எழுதிய இயன் ஃப்ளெமிங்குக்குக் குழந்தைகள் கதை ஒன்று எழுதத் தூண்டுகோலாக இருந்தன.

அந்த வரிசையில் கடைசியாக வந்த அசுரன் 'ஹையம் ஸ்பெஷல்'. அதில் வைத்தது அமெரிக்க 'லிபர்ட்டி' விமான எஞ்சின். முதல் உலகப் போருக்காக 1917ல் அவசரம் அவசரமாக வடிவமைத்து, 20,000க்கு மேல் செய்து குவித்த எஞ்சின் அது. 12 சிலிண்டர், துளை 5 அங்குலம், வீச்சு 7 அங்குலம். கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் போட்டுப் பாருங்கள், 27 லிட்டர் வரும். நம்ம ஊர் மாருதி 800ல் இருந்தது முக்கால் லிட்டரும் சொச்சமும். அப்படி முப்பத்து நாலு மாருதியை ஒரே மூக்குக்குள் அடைத்தமாதிரி. இந்தச் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக, போருக்கு முந்தைய பென்ஸ் பந்தயக் காரின் கியர்ப் பெட்டியும், இரண்டு பக்கமும் சங்கிலியும். ஆமாம், சைக்கிள் செயின் மாதிரியேதான், கொஞ்சம் தடிமன். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ஓடிய கார்களிலேயே மிகப் பெரிய எஞ்சின் இதுதான் என்று பெயர் வாங்கியது.

1924ல் இத்தாலியில் மான்ஸா பந்தயத்தில் வேறொரு காரை ஓட்டும்போது ஸ்போரோவ்ஸ்கியும் இறந்துபோனார். வாரிசுகளிடமிருந்து ஹையம் ஸ்பெஷலை 125 பவுண்டுக்கு வாங்கினார் ஒருவர். இன்றைய நம் கதாநாயகர் அவர்தான்: ஜான் காட்ஃப்ரே பாரி-தாமஸ்.

இவர் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. வேல்ஸில் ரெக்ஸாம் ஊரில் பிறந்த பாதிரியார் மகன். படித்து இன்ஜினீயராகி, லேலண்டு மோட்டார்ஸ் கம்பெனியில் தலைமை இன்ஜினீயர் ஆனவர். லேலண்டு என்றதும் இங்கே பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், கவனிக்கிறேன்! அதே லேலண்டுதான். 1955ல் எண்ணூர் அசோக் மோட்டார்ஸில் பங்கு சேர்ந்து, அதன் பெயரையே அசோக் லேலண்டு என்று மாற்றிய அதே கம்பெனி. லாரி, பஸ் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனிக்காக 1920ல் இவர் எட்டு சிலிண்டர் சொகுசுக் கார் ஒன்றை வடிவமைத்துக் காட்டினார். உலகமே வியந்தது, வாங்கத்தான் ஆளில்லை. விலை அப்படி. விரல் விட்டு, கால் விரலையும் சேர்த்து, எண்ணிவிடும் அளவுக்குத்தான் செய்தார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டு, புரூக்லண்ட்ஸ் தளத்துக்கு உள்ளேயே ஒரு சின்ன வீட்டில் குடியேறி, கார் கட்டுவதும் ஓட்டுவதுமாக இருந்தார். அவருக்கு உதவியாளராக இருந்த ரீட் ரெயில்டன் பின்னாளில் வடிவமைத்த கார்தான், 1947ல் ஜான் காப் ஓட்டி மணிக்கு 394 மைல் தொட்டது. நல்ல வாத்தியாருக்கு நல்ல சிஷ்யன்.

தாமஸ் அந்த அசுரனை வாங்கி என்ன செய்தார்? தன் சொந்த வடிவமைப்பில் பிஸ்டன், நான்கு கார்புரேட்டர், புது உடம்பு. பெயரும் மாற்றி 'பாப்ஸ்' என்று செல்லமாக வைத்தார். 400 குதிரைத்திறன் எஞ்சின் 450க்குப் போனது. அந்தச் சங்கிலிகள் மட்டும் அப்படியே இருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் நில வேகச் சாதனைக்கு இங்கிலாந்தில் நீளமான சாலை கிடையாது. கடற்கரைக்குத்தான் போவார்கள். வேல்ஸின் தென்பக்கம் பெண்டைன் என்று ஒரு கிராமம். அங்கே 7 மைல் நீளத்துக்கு மணல். கடல் உள்வாங்கியதும் அந்த மணல் தட்டையாக, இறுகிக் கிடக்கும். என் மகள் கார்டிஃப்பில் வேலையில் இருந்தபோது நானும் போய் நின்று பார்த்திருக்கிறேன். நம் மெரினா மணலில் நடந்தால் கால் புதையும். இங்கே செருப்புத் தடம்கூட ஆழமாக விழவில்லை. ஆனாலும் ஈரம் உண்டு, அலை விட்டுப்போன வரிவரியான மேடுபள்ளம் உண்டு. அலை திரும்பி வருவதற்குள் வேலையை முடிக்கவும் வேண்டும்.

1926 ஏப்ரலில் தாமஸ் பாப்ஸை அங்கே கொண்டுபோனார். ஒரு மாதம் முன்புதான் ஹென்றி சீக்ரேவ் மணிக்கு 152 மைல் போய்ச் சாதனை செய்திருந்தார். தாமஸ் 27ஆம் தேதி 169 மைல். மறுநாள் 171. நம் கணக்கில் 275 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 13 வினாடி. பெரிய கம்பெனியின் பணம் இல்லாமல், செகண்ட் ஹாண்டில் வாங்கிய காரை வைத்துக்கொண்டு, உலகத்திலேயே வேகமான மனிதர் ஆகிவிட்டார்.

அடுத்த பிப்ரவரியில், அதாவது 1927ல், மால்கம் கேம்பல் தன் 'புளூ பேர்ட்' காரில் அதே கடற்கரையில் அதை 4 மைல்கூட இல்லாத வித்தியாசத்தில் முறியடித்தார். சீக்ரேவ் வேறு 1,000 குதிரைத்திறன் காரோடு அமெரிக்காவுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். தாமஸுக்கு நேரம் குறைவு. ஃப்ளூ காய்ச்சல் முழுசாக விடாத நிலையிலேயே பெண்டைனுக்கு வந்தார். 1927 மார்ச் 3. ஓடிக்கொண்டிருக்கும்போது கார் நிலைகுலைந்து புரண்டது. தலையில் அடிபட்டு அந்த இடத்திலேயே போய்விட்டார். நில வேகச் சாதனை முயற்சியில் உயிர்விட்ட முதல் ஓட்டுநர் அவர்தான் என்பார்கள். புரூக்லண்ட்ஸுக்குப் பக்கத்தில் பைஃப்ளீட் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சரியாக 26 நாள் கழித்து சீக்ரேவ் அமெரிக்காவில் டேடோனா கடற்கரையில் 203 மைல் தொட்டார். தாமஸ் அன்றைக்குச் சாதனை செய்திருந்தாலும் அது அந்த மாதம்வரைகூட நின்றிருக்காது. இதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

காரை என்ன செய்வது? எடுத்துப்போக யாருக்கும் மனசு வரவில்லை. விசாரணை முடிந்ததும் அந்தக் கடற்கரை மணல்மேட்டிலேயே குழி தோண்டிக் காரைப் புதைத்துவிட்டார்கள். முதலாளியோடு முடிந்தது அதன் கதை.

முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எதனால் விபத்து நடந்தது என்பதற்கும் ஒரு பதில் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது: 'சங்கிலி அறுந்து தலையில் அடித்தது.' பத்திரிகையில் அப்படித்தான், புத்தகத்தில் அப்படித்தான், ஊர் டீக்கடையிலும் அப்படித்தான். சொல்வதற்கு எளிதான, கேட்பதற்குப் பயங்கரமான கதை. கேட்டவர்கள் கூடவே ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்கள்: 'தலைக்குப் பக்கத்தில் சங்கிலியை வைத்துக்கொண்டு ஓட்டினால் பின்னே என்ன ஆகும்?' செத்துப்போன இன்ஜினீயருக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. ஒரே சாட்சி கார். அதுவும் மண்ணுக்குள்.

இங்கேதான் நம் ஜாதிக்காரர் ஒருவர் வருகிறார். ஜாதி என்றால் வாத்தியார் ஜாதி! வட வேல்ஸில் பாங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் விரிவுரையாளர், ஓவன் வின் ஓவன். நம் கல்லூரி மாதிரி ஒரு கல்லூரி, நம் சார் மாதிரி ஒரு சார். அவருக்கு ஒரே எண்ணம்: அந்தக் காரை எடுக்க வேண்டும், எடுத்து ஓட வைக்க வேண்டும்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட முடியுமா? முடியாது. அந்த இடம் அதற்குள் ராணுவத்தின் ஆயுதச் சோதனை வளாகத்துக்குள் போயிருந்தது. அவர்கள் அனுமதி வேண்டும். தாமஸின் உறவினர் சம்மதம் வேண்டும். அது மட்டுமில்லை, ஊரில் எதிர்ப்பு. 'அது எங்கள் ஊர் மண்ணில் இருக்கிறது, புதைத்ததைத் தோண்டுவது முறையா? தோண்டினால் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவீர்களே?' என்று கேட்டார்கள். நான் சொல்வேன், அந்தக் கேள்விகள் ரொம்ப நியாயமானவை. நம் ஊர் எல்லையில் நட்டிருக்கும் ஒரு நடுகல்லை யாரோ வெளியூர் ஆள் வந்து 'சுத்தம் பண்ணித் தர்றேன்' என்று பெயர்த்துக்கொண்டு போனால் நாம் விடுவோமா? எடுக்க நினைத்தவர் கெட்டவரும் இல்லை, தடுத்தவர்கள் முட்டாள்களும் இல்லை. இரண்டு பேருக்குமே அந்தப் பொருள் மேல் மரியாதை. ஒருவர் மரியாதை 'தொடாதே' என்றது, இன்னொருவர் மரியாதை 'தூக்கு' என்றது.

கடைசியில் அனுமதியெல்லாம் கிடைத்து 1969ல் தோண்டினார்கள். 42 வருடம் கடலோர உப்பு மணலில் கிடந்த கார் எப்படி இருக்கும்? மூன்றாம் வருஷம் நமக்கு உலோகவியல் எடுத்த சார் போர்டில் போட்ட படம் ஞாபகம் இருக்கிறதா? இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு பாட்டரி. அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். மெல்லிய தகட்டுக்கு அங்கே கதி இல்லை. காரின் மேலுடம்பு பெரும்பாலும் அரித்துப்போயிருந்தது. ஆனால் இயந்திர உறுப்புகளில் பலவற்றை மீட்க முடிந்தது. கனமான எஃகு அவ்வளவு சுலபமாகச் சாகாது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெரிய ஸ்தாபனம், பெரிய பட்ஜெட் எதுவும் இல்லை. கல்லூரி வேலை போக மிச்ச நேரம். ஒரு போல்ட்டைக் கழற்ற ஒரு சாயங்காலம் போகும், துரு பிடித்தது யாருக்குத் தெரியாது? கிடைக்காததைச் செய்ய வேண்டும், செய்ய முடியாததைத் தேட வேண்டும். அரித்துப்போன உடம்பைப் பழைய புகைப்படம் பார்த்துத்தான் மறுபடி கட்ட முடியும். சுமார் 15 வருடம் ஆயிற்று. நம்மில் பலர் கல்யாணம் பண்ணி, பிள்ளையைப் பத்தாவது படிக்க வைக்கும் காலம். அதன் முடிவில் 27 லிட்டர் லிபர்ட்டி எஞ்சின் மறுபடி உறுமியது. பாப்ஸ் தன் சொந்தச் சக்தியில் ஓடியது.

சங்கிலிக் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காரை வெளியே எடுத்தபிறகுதான் அதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கவே முடிந்தது. பின்பக்கத்து வலது சக்கரம் முதலில் சிதைந்திருக்கலாம் என்ற கருத்து இப்போது பலமாக இருக்கிறது. இன்ஜினீயராக யோசித்துப் பாருங்கள். ஒரு சக்கரத்தைப் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். வேகம் இரண்டு மடங்கு, விசை நாலு மடங்கு. அந்தச் சக்கரம் உட்கார்ந்தால் பின் அச்சு சாயும். அச்சு சாய்ந்தால் சங்கிலியின் நேர்கோடு போய்விடும். அப்புறம் அது அறுந்தால் அது காரணம் இல்லை, விளைவு. அறுந்த சங்கிலியைக் கண்ணால் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. முதலில் எது, பிறகு எது என்ற வரிசைதான் மாறிப்போயிற்று. நம் ஒர்க்ஷாப் ஃபோர்மன் ஐயா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்: 'இஞ்சின் பொய் சொல்லாதுடா தம்பி. நாமதான் அது சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டோம்.'

இப்போது சிலர் மனதில் ஒரு சந்தேகம் ஓடும். மேலுடம்பு புதுசு, எத்தனையோ பாகம் புதுசு, அப்புறம் அது பாப்ஸ் தானா? இதற்கு வெளிநாட்டில் பக்கம் பக்கமாக விவாதம் செய்கிறார்கள். நமக்கு இது புது விஷயமே இல்லை. திருவாரூர் ஆழித் தேருக்கு நம் திருச்சி பெல் ஆலையிலிருந்து இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போயிற்று. 'ஐயய்யோ, இது வேற தேர்' என்று யாராவது வடம் பிடிக்காமல் திரும்பிப் போனார்களா? மரம் மாறும், அச்சு மாறும், தேர் அதே தேர். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று தெரிந்த ஸ்தபதியின் கை வழியாகத்தான் அது மாற வேண்டும். புதுசைப் பழசு என்று காட்டி ஏமாற்றக் கூடாது. அந்த நேர்மை இருந்தால் அது புதுப்பிப்பு. இல்லாவிட்டால் வெறும் வேஷம்.

ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விக்கும் காலம் ஒரு பதில் சொல்லிற்று. பெண்டைனில் 1996ல் வேகத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பாப்ஸ் அங்கே கோடையில் வந்து நின்றது. அந்தக் கட்டடத்தை எடுத்துவிட்டுக் கட்டிய புது அருங்காட்சியகம் 2023ல் திறந்தது. புரூக்லண்ட்ஸிலும் பாப்ஸைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு மாதிரி இரண்டு இடத்துக்கும் உரிமை. ஓவன் 2012ல் காலமானார். கார் இருக்கிறது.

நண்பர்களே, இந்தக் கதையை இன்றைக்கு ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். காலையில் வளாகத்தைச் சுற்றி வந்தோமே, ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒன்று கிடக்கிறதே, பார்த்தீர்களா? வெப்ப இயந்திர ஆய்வுக்கூடத்தில் இருந்த அந்தப் படுக்கை வாட்ட ஆயில் எஞ்சின். ஒற்றை சிலிண்டர், ஆள் உயர ஃப்ளைவீல். இங்கே இருக்கும் மெக்கானிக்கல்காரர்களில் அதன் ஹாண்டிலைச் சுற்றித் தோள் வலிக்காதவர் யார்? பிரேக் டிரம்மில் கயிறு சுற்றி, தராசுத் தட்டில் எடை வைத்து, குதிரைத்திறன் கணக்குப் போடாதவர் யார்? அந்தக் கொட்டகையைப் பிரித்துப் புதுக் கட்டடம் வரப்போகிறது. எஞ்சின் பழைய இரும்பு ஏலப் பட்டியலில் இருக்கிறது. முதல்வர் அவர்களிடம் பேசினேன். அவர் சொல்வதும் நியாயம்தான்: 'சார், இடம் இல்லை. பார்த்துக்க ஆள் இல்லை. இப்ப பிள்ளைங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் பண்றாங்க.' ஏலத்தை மூன்று மாதம் தள்ளிவைக்க மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு நன்றி.

அதனால் மூன்று கோரிக்கை. ஒன்று, அதைத் தொடுவதற்கு முன் கல்லூரியின் எழுத்து மூலமான அனுமதி. பெண்டைனில் ராணுவம், உறவினர் என்று ஒவ்வொருவர் சம்மதமாக வாங்கிய பிறகுதான் மண்வெட்டி விழுந்தது. நாமும் அப்படியே செய்வோம். இரண்டு, யாரும் பெயின்ட் டப்பாவோடு வந்துவிடாதீர்கள். பளபளப்பு கடைசி வேலை. முதலில் இப்போது இருக்கும் நிலையில் நாலு பக்கமும் போட்டோ, கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் எண், கழித்துப் போடும் பாகத்தைக்கூட ஒரு பெட்டியில் பத்திரம். உடைந்த பாகம்தான் நாளைக்குச் சாட்சி சொல்லும். மூன்று, வேலை முடிந்தபிறகு வாரத்துக்கு ஒரு தடவை அதை ஓட்டிப் பார்க்கப் பையன்களும் பெண்களும் வேண்டும். இறுதியாண்டு மாணவர்களுக்கு இதையே பிராஜெக்டாகக் கொடுக்கலாமா என்று துறைத்தலைவர் யோசிக்க வேண்டும். சிமுலேஷனில் கயிறு சூடாகாது, கை கறுக்காது. ஒரு எஞ்சின் கிளம்ப மறுக்கும்போது அதன் முன்னால் பொறுமையாக உட்காருவது எப்படி என்று கம்ப்யூட்டர் சொல்லித் தராது.

பணம் கேட்பேன் என்று பர்ஸைத் தொட்டுப் பார்ப்பவர்கள் கையை எடுக்கலாம். எனக்கு முதலில் வேண்டியது சனிக்கிழமைகள். உள்ளூரில் ரிடையர் ஆகி உட்கார்ந்திருப்பவர்கள் பத்துப் பேர் போதும். அசோக் லேலண்டிலும் பெல்லிலும் முப்பது வருடம் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவர்கள் இந்த ஹாலிலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! அந்த ஃபோர்மன் ஐயாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போனில் சொன்னேன். 'கவர்னர் ஸ்பிரிங்கை மட்டும் நான் வந்தப்புறம் கழட்டுங்கடா' என்று உத்தரவு போட்டிருக்கிறார். ஆகவே அவர் இருக்கும்போதே இந்த வேலை ஆரம்பமாக வேண்டும். ஒரு விரிவுரையாளர் தன் மிச்ச நேரத்தை வைத்துக்கொண்டு 15 வருடம் போராடி ஒரு காரை எழுப்பினார். நமக்கு அவ்வளவு வருடம் மிச்சம் இருக்கிறதா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் ஒற்றை சிலிண்டருக்கு அவ்வளவு தேவைப்படாது.

வாசலில் மலர் வாங்கும் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெயர், போன் நம்பர், எந்தச் சனிக்கிழமை வர முடியும் என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். சிவில்காரர்களும் எழுதலாம், அடித்தளம் போட ஆள் வேண்டும். எலெக்ட்ரிக்கல்காரர்கள் வந்து டீ வாங்கித் தரலாம்.